வெர்லின் டாக்கெட்டுக்கு ஒரு குறையும் இல்லை

எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி வாயால் எது வேண்டுமானாலும் சொல்வோம். குடிகாரன், கோழி திருடினவன், மாமியாரை வீட்டை விட்டுத் துரத்தினவன் என்று முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து ஆள் ஆளாகப் பிய்த்து எடுப்போம். ஆனால் ஒரு தாளை நீட்டி, ‘சரி, இதையே எழுதிக் கையெழுத்துப் போடு’ என்றால் ஒருவரும் போடமாட்டோம். பேனாவைக் கையில் எடுத்ததும் அவன் தங்கமான மனுஷனாகிவிடுவான். அமெரிக்காவில் கென்டக்கி மலைக்காரர்களான எங்களுக்கு இது மரியாதை. இந்த மரியாதை வெர்லின் டாக்கெட்டை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரெவா. ஆறு வருஷம் ராணுவத்தில் சாமான் கிடங்கில் இருந்தேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பட்டாளத்துக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பியவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். முழங்கால் போனவன், காது போனவன், தூக்கம் போனவன் எல்லாரும் என் மேசைக்கு முன்னால் வந்துதான் ஆகவேண்டும். அரசாங்கம் அவரவர் குறையைச் சதவீதத்தில் அளந்து மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும். வெர்லினுக்கு அளந்தது எழுபது. ஆனால் ஒரு விதி உண்டு. எழுபதோடு நின்றுவிட்டாலும், அந்தக் குறையால் எந்த வேலையிலும் நிலைக்க முடியாது என்று காட்டினால் நூறு என்று வைத்தே கொடுப்பார்கள். பெண்டாட்டியின் வைத்தியச் செலவுக்கும் வழி பிறக்கும். காட்டவேண்டும், அவ்வளவுதான். அதுவும் காகிதத்தில்.

அது கிடைத்தால் ஒலீட்டா வேலையை விடலாம். ஒலீட்டா வெர்லினின் மனைவி. முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்டும் வேலை. ஐம்பத்தெட்டு வயசு. இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அவள் வேலைக்குப் போனால் வெர்லின் தனியாக இருப்பான். வெர்லினைத் தனியாக விடக்கூடாது. அவள் போகாவிட்டால் வீடு நடக்காது. மூன்று வருஷமாக இந்த முடிச்சில்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெர்லினை எனக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து தெரியும். என் பென்சிலைக் கடித்துத் துப்புவான். பெரியவனானதும் மர அறுப்பு ஆலையில் வேலை, மாதத்தில் ஒரு வார இறுதி, போர் வந்தால் கூப்பிடும் மாநிலக் காவல் படையில் பயிற்சி. முப்பத்தெட்டு வயசில், இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று இருந்தவனைக் கூப்பிட்டு ஈராக்குக்கு லாரி ஓட்ட அனுப்பினார்கள். ரோட்டோரம் கிடந்த ஒரு குப்பை மூட்டை வெடித்து முன்னால் போன லாரி சிதறிப்போய்விட்டது. அதில் இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். இவன் முதுகில் மூன்று எலும்பு நசுங்கியது, காதில் ஓயாத விசில் சத்தம் வந்து தங்கிவிட்டது. மீதி என்ன வந்தது என்று அவன் எங்களிடம் சொன்னதில்லை.

திரும்பி வந்தவனுக்கு ஆலையின் ரம்பச் சத்தம் ஆகவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கொடுத்தார்கள். நான்கு வருஷம் ஒழுங்காக ஓட்டினான். ஐந்தாவது வருஷம் ஒரு காலையில், ஓடைப் பாலத்துக்கு முன்னால், ரோட்டோரம் கறுப்புக் குப்பைப் பை ஒன்று கிடந்தது. பஸ்ஸை நிறுத்தினான். இருபத்து மூன்று பிள்ளைகளையும் தரையில் குப்புறப் படுக்கவைத்தான். ஒருத்தி தலையைத் தூக்கியபோது கையால் அழுத்திப் பிடித்தான். நாற்பது நிமிஷம். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கிப்போய் அந்தப் பையை உதைத்து, உள்ளே காய்ந்த இலைதான் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் எழுந்தான். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் அவனை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! நல்ல மனுஷர்கள். கேக் வெட்டி, கைகுலுக்கி, ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்’ என்று எழுதிக்கொடுத்து வழியனுப்பினார்கள். ஊருக்கே தெரியும் என்ன நடந்தது என்று. காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

அதற்கப்புறம் ஹார்லெஸ் பாக்ஸ் என்பவனின் இரும்புச் சாமான் கடை. பத்து வாரம். பின்பக்கத்தில் யாரோ பலகைக்கட்டைத் தொப்பென்று போட, வெர்லின் கல்லாமேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். வெளியே வரவில்லை. ஹார்லெஸ் கடையைச் சாத்திவிட்டு, அவனோடு தரையிலேயே உட்கார்ந்து சாயங்காலம்வரை மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் வெர்லின் தானாகவே வரவில்லை. பிறகு எங்கும் வேலை கிடைக்கவில்லை.

நூறு சதவீதம் கேட்கும் அந்த மனுவில் அவனைக் கையெழுத்துப் போடவைக்கவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ‘என்னைவிட மோசமானவங்க இருக்காங்க ரெவா, அவங்களுக்குக் கொடு’ என்பான். இது என்ன கறிச்சட்டியா, நீ எடுத்தால் அடுத்தவனுக்குக் குறைய? ஒலீட்டா மாடிப்படியில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்த வாரம்தான் கையெழுத்துப் போட்டான். அரசாங்கத்தின் பரிசோதனைக்குத் தேதி வந்தது. இரண்டு மணி நேரத் தூரம். ஒலீட்டாவுக்கு லீவு கிடைக்காததால் நான் கூட்டிப்போவதாக ஏற்பாடு. முதல் நாள் போன் பண்ணித் தெளிவாகச் சொன்னேன்.

“வெர்லின், நாளைக்குச் சவரம் பண்ணாத. வீட்டுல எப்படி இருப்பியோ அப்படியே வா. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு.”

“டாக்டர்னா ஆபீசர் மாதிரி ரெவா. அவர் முன்னாடி போய்க் குப்பை மாதிரி நிக்கச் சொல்றியா?”

“ஆமா. குப்பை மாதிரிதான் நிக்கணும்.”

“எங்க அம்மா என்னை அப்படி வளர்க்கல.”

“உங்க அம்மா மனுவா எழுதினாங்க? நான்தானே எழுதினேன்!”

காலையில் போய்ப் பார்க்கிறேன், வீட்டு வாசலில் நிற்கிறான். முடி வெட்டி, முகம் மழமழவென்று, சட்டையில் கத்தி போல மடிப்பு. பூட்ஸில் என் முகம் தெரிந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“கைத்தடி எங்க?”

“வீட்டுல கிடக்கு.”

“முதுகுப் பட்டை?”

“சட்டை மடிப்பு கெட்டுப்போகுது.”

வலி மாத்திரை இரண்டு போட வேண்டிய இடத்தில் நான்கு போட்டிருந்தான். வண்டியில் வரும்போதுதான் சொன்னான், பெரிய சாமர்த்தியம் செய்தவன் மாதிரி.

டாக்டரின் அறைக்குள் அவன் நடந்துபோனதை நான் பார்த்தேன். பதினெட்டு வயசுப் பையன் அணிவகுப்பில் போவது போலப் போனான். இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்து, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு நன்றி சொல்லி, வயதான ஒருவருக்குக் கதவைத் திறந்து பிடித்தான். கட்டடத்து மூலை திரும்பி, ஜன்னல்களின் பார்வையிலிருந்து மறையும்வரை முதுகு வளையவில்லை. மறைந்ததும் என் வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றினான். கால் மடங்கிவிட்டது. பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தான்.

நான் உள்ளே அந்தப் பெண்ணிடம் ஓடினேன். “டாக்டரைக் கொஞ்சம் வெளிய வந்து பார்க்கச் சொல்லு. ஒரு நிமிஷம் போதும்.”

“பரிசோதனை முடிஞ்சிருச்சு மேடம். அடுத்தவரைப் பார்த்துட்டிருக்கார்.”

“வெளியில ஆளு விழுந்து கிடக்கிறான்மா!”

“ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா? டாக்டர் அறையில பார்த்ததை மட்டும்தான் எழுத முடியும்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வெர்லின் எப்படியோ கதவுவரைக்கும் தவழ்கிற மாதிரி வந்து நிற்கிறான். “அந்தப் பொண்ணைத் திட்டாத ரெவா. அது அதோட வேலையைத்தானே பார்க்குது?” என்றான். பின் சீட்டில் அவனைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழி முழுக்க அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான், என் வண்டியை அழுக்காக்கிவிட்டதற்கு.

இரண்டு மாதம் கழித்து மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. டாக்டரின் குறிப்பும் கூடவே இருந்தது. ‘மனுதாரர் இருபது நிமிடம் முன்னதாக வந்தார். நேர்த்தியாக உடுத்தியிருந்தார். துணையின்றி நடந்தார். பணிவாகவும் தெளிவாகவும் பேசினார். உடல்நலம் எப்படி என்று கேட்டதற்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்குத் தகுதியானவர்.’ ஒலீட்டா இதைச் சத்தமாகப் படித்தாள். வெர்லின் கேட்டுவிட்டு, “நல்ல டாக்டரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன்” என்றான். அவன் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவனை நான்கு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

மேல்முறையீடு செய்தேன். அதற்குச் சாட்சிக் கடிதங்கள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கேட்டால், கோப்பில் இருப்பதைத்தான் தருவோம் என்று அந்த ‘சொந்த விருப்ப’த்தையே நகல் எடுத்துத் தந்தார்கள். ஹார்லெஸிடம் போனேன். அவன் கண் கலங்கி, “வெர்லினுக்கா? என்ன வேணும்னாலும் எழுதறேன்” என்றான். அன்றைக்கே எழுதித் தந்தான். ‘வெர்லின் டாக்கெட்டைப் போல நேர்மையான, கடும் உழைப்பாளி என் கடையில் வேலை செய்ததில்லை. வியாபாரம் மந்தமானதால்தான் பிரிய நேர்ந்தது. நாளைக்கே வந்தாலும் சேர்த்துக்கொள்வேன்.’

“ஹார்லெஸ், கல்லாவுக்கு அடியில அவன் கிடந்தானே, அதை எழுதுடா!”

“அதை எப்படி எழுதறது? அவன் பிள்ளைங்க பார்த்தா?”

“அவனுக்கு உதவி பண்றேன்னு சொன்னியே!”

“அதான் நல்லதா எழுதியிருக்கேனே” என்றான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை.

மிச்சம் இருந்தது ஒலீட்டா ஒருத்திதான். முதலில் அவளும் மாட்டேன் என்றாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல் உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதினாள். தட்டில் கரண்டி படும் சத்தம் ஆகாது என்று வெர்லின் வெளியே நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்துதான் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுகிறான். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினப் பட்டாசுக்குப் பயந்து, விடிந்ததிலிருந்து பழைய நிலக்கரிச் சுரங்கத்து வாயில் போய் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். குனிய முடியாததால் அவள்தான் அவனுக்குப் பூட்ஸ் மாட்டிவிடுகிறாள், அன்றைக்கு டாக்டரிடம் போட்டுக்கொண்டு போன பூட்ஸையும் அவள்தான் துடைத்து மாட்டிவிட்டாள். படுக்கை நனைந்துபோகிற நாட்கள். பேரப்பிள்ளை வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் சிரிப்பது. மகள் டோரி மூன்று வயசுக் குழந்தையைக் கூட்டி வருவாள், அது அவன் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கும், அந்த ஒரு மணி நேரம் அவன் அசையமாட்டான். எல்லாம் எழுதியிருந்தாள்.

விசாரணை எங்கள் கோர்ட்டின் மேல்மாடியில், காணொளித் திரை வழியாக நடந்தது. நீதிபதி எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒலீட்டா எழுதியதை நான் சத்தமாகப் படிக்கவேண்டியிருந்தது, வெர்லினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் படிக்கப் படிக்க அவன் காது சிவந்துகொண்டே போனது. படுக்கை நனைவது வந்த இடத்தில் என் குரல் தானாகத் தணிந்துவிட்டது. நீதிபதி சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“மிஸ்டர் டாக்கெட், உங்க மனைவி எழுதினது உண்மையா?” என்று கேட்டார்.

‘ஆமா’ என்று சொல்ல வெர்லினால் முடியாது என்று எனக்குத் தெரியும். ‘அவ்வளவு மோசம் இல்லை சார்’ என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவன் ஒலீட்டாவைப் பார்த்தான். எழுந்து நின்றான், நிற்கவேண்டியதே இல்லை.

“என் பெண்டாட்டி பொய் சொல்லமாட்டா சார்” என்றான்.

அதற்குமேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. போதும் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன், முட்டாள்.

என் வண்டியிலேயே திரும்பினோம். ஒலீட்டா முன்னால், வெர்லின் பின்னால் சாய்ந்து படுத்தபடி. ஊர் எல்லையைத் தாண்டினோம். அப்புறம் ஒலீட்டா திரும்பாமலே, “என்னை மன்னிச்சிரு வெர்லின்” என்றாள்.

“நீ ஒண்ணை விட்டுட்ட” என்றான் அவன்.

“எதை?”

“அடுப்படியில சட்டி விழுந்த அன்னைக்கு. உன் கழுத்தைப் பிடிச்சேனே. நீ மயங்கி விழற வரைக்கும் விடலையே.”

ஒலீட்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். “அது நீ இல்ல” என்றாள்.

“என் கைதான் ஒலீட்டா.”

போன வசந்தத்தில் அவள் ஒரு மாதம் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஜலதோஷம் என்று சொல்லியிருந்தாள். என் வேலை என்னவோ அதை அப்போது நான் செய்வதாக இருந்தால், வண்டியை ஓரம் கட்டி, அந்த வார்த்தைகளை எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மறுநாளே நீதிபதிக்கு அனுப்பியிருக்கவேண்டும். கூடுதல் சாட்சியம் கொடுக்க முப்பது நாள் அவகாசம் இருந்தது. ஹார்லெஸை அத்தனை திட்டினேனே, நானும் அதே ஊர்க்காரிதான். வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

குளிர்காலத்தில் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி. மனைவியின் வாக்குமூலத்தை நம்புவதாக நீதிபதி எழுதியிருந்தார். மனுதாரர் கஷ்டப்படுகிறார் என்பதிலும் சந்தேகமில்லையாம். ஆனால் அவர் சாதுவானவர், குழந்தையிடம்கூடப் பொறுமையாக இருக்கிறார், கட்டுப்பாடு இழந்து அடுத்தவர்மேல் கை வைத்ததாக எங்கும் பதிவில்லை, எனவே சத்தமில்லாத இடத்தில், ஆட்கள் குறைந்த வேலை ஒன்றைச் செய்யத் தடையில்லை என்று முடித்திருந்தார். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. புதிய சாட்சியம் இருந்தால் ஒரு வருஷத்துக்குள் மறுபடி கொடுக்கலாம்.

புதிய சாட்சியம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒலீட்டா வேலைக்குக் கிளம்பும் சீருடையில் இருந்தாள். சுற்றி வளைக்காமல், அந்த அடுப்படி விஷயத்தை எழுதினால் மனு நிற்கும், வேறு வழியில்லை என்று சொன்னேன்.

வெர்லின் பேனாவை வாங்கினான். தேதி எழுதினான். ‘என் மனைவியை நான்’ என்று எழுதினான்.

ஒலீட்டா தாளின் மேல் கையை வைத்தாள். “எழுது. நல்லா எழுது. நீ எழுதினா நானும் ஒண்ணு எழுதுவேன், அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு. ரெண்டையும் ஒரே உறையில போட்டு ரெவா அனுப்பட்டும்.”

“நடந்துச்சு ஒலீட்டா.”

“டோரி புருஷன் ஷெரீப் ஆபீஸ்ல போலீஸா இருக்கான். எழுத்துல வந்தா அவன் காதுக்குப் போகாதா? அப்புறம் இந்த வாசப்படிக்குள்ள அந்தப் பிள்ளையை விடுவானா? அது வராட்டி நீ என்ன ஆவ? சொல்லு. என்ன ஆவ?”

“உன் இடுப்பு...”

“என் இடுப்பு என்னோட இருக்கட்டும்.”

“ஒலீட்டா, கொஞ்சம் யோசி” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போல இருந்தது.

“நீ சும்மா இரு ரெவா. நீ வீட்டுக்குப் போயிருவ.”

வெர்லின் அவளைப் பார்த்தான். அப்புறம் எழுதிய வரியைக் கோடு கோடாக அடித்தான், அடியில் இருக்கும் எழுத்து தெரியாத அளவுக்கு. பேனாவை என் பக்கம் தள்ளினான்.

“இவளைப் பொய்க்காரின்னு நாலு பேர் சொல்ல நான் விடமாட்டேன்” என்றான்.

ஒலீட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். மேசையை இரண்டு கையாலும் பிடித்து எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்துபோய்க் கோட்டை எடுத்து மாட்டினாள். கதவுக்கிட்டே போய் நின்றாள்.

“நான் வர்ற வரைக்கும் இவன்கூடக் கொஞ்சம் இருப்பியா?”

“இருக்கேன்” என்றேன்.